அத்தையின் கை நின்ற இடங்கள்

என் அத்தைக்கு டிவி முதுகுப் பக்கம் இருக்கும். திருநெல்வேலி மாவட்டத்தில் முக்கூடல் பக்கத்தில் எங்கள் ஊர். வெளிச்சமும் காற்றும் வேண்டும் என்று அவள் வாசல் நடையில் உட்கார்ந்து, மடியில் சொளவை (முறத்தை) வைத்துக்கொண்டு பீடி சுற்றுவாள். டிவி உள்ளே தார்சாவில் (முன்கூடத்தில்) ஓடும். சத்தம் மட்டும்தான் அவளிடம் வரும். முப்பது வருஷமாக அவள் சீரியல் பார்ப்பது இப்படித்தான். முக்கூடல், ஆலங்குளம், கடையம், அம்பாசமுத்திரம் என்று எங்கள் பக்கம் முழுக்க இதே மாதிரி எத்தனையோ வீடுகள் உண்டு. கண் இலையில் இருக்கும், காது டிவியில் இருக்கும்.

நேற்று எபிசோட் எப்படி என்று கேட்டால் அத்தை கதையைச் சொல்ல மாட்டாள். "கை நின்னுட்டு, ஏட்டி" என்பாள். இல்லாவிட்டால், "எங்க, சும்மா ஓடுச்சு. ரெண்டு கட்டு முடிச்சேன்" என்பாள். சின்ன வயதிலிருந்து இந்த இரண்டு பதிலையும் கேட்டு வளர்ந்தவள் நான். அது ஓர் அளவுகோல் என்று எனக்கு உறைக்க வெகுகாலம் ஆனது. உறைத்த பிறகு, ஒரு வருஷம் அதைக் குறித்து வைக்கலாம் என்று தோன்றியது. 2023 ஜூனில் ஒரு நோட்டுப் போட்டேன். 2024 ஜூன் வரை எழுதினேன். ஒரே ஒரு பார்வையாளரைப் பற்றிய ஆய்வு இது. ஊரில் எல்லாருக்கும் இதே ரசனை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இவள் ஒருத்தியை ஒழுங்காகப் புரிந்துகொண்டால், சீரியலைப் பற்றி நாம் வழக்கமாகப் பேசுகிற பல பேச்சு மாற வேண்டியிருக்கும் என்று நம்புகிறேன்.

அளவு என்ன

பீடிக் கணக்கு தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இலையை நனைத்து, ஈரத்துணியில் சுற்றிவைத்து, தகடு வைத்துக் கத்தரியால் வெட்டிக்கொள்வார்கள். வெட்டிய இலையில் தூளைப் பரப்பிச் சுருட்டி, நூலைக் கட்டி, முனையை மடிக்க வேண்டும். 25 பீடி ஒரு கட்டு. கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்று. கை வேகமான பெண்கள் ஒரு நாளில் ஆயிரத்தைத் தொட்டுவிடுவார்கள். அறுபதைத் தாண்டிய என் அத்தைக்கு இப்போது அரை மணி நேரத்துக்கு இரண்டு கட்டு. அதாவது சீரியல் ஒன்றுக்கு 50 பீடி.

ஆகவே ஒரு எபிசோடுக்கு அவள் கொடுக்கும் மதிப்பெண் தலைகீழானது. இரண்டு கட்டு முடிந்தால் எபிசோட் சாதாரணம். ஒன்றரைக் கட்டு என்றால் எங்கேயோ கை தயங்கியிருக்கிறது. ஒரு கட்டுதான் ஆகியிருக்கிறது என்றால் அவள் திரும்பி உட்கார்ந்து டிவியையே பார்த்திருக்கிறாள் என்று அர்த்தம். அந்த அரை மணிக்கு அவளுக்குக் கூலி நஷ்டம். அதைத் தெரிந்தே கொடுக்கிறாள். ஒரு எபிசோடைப் பிடித்தது என்று சொல்ல நாம் யாரும் கையிலிருந்து காசு வைப்பதில்லை. அவள் வைக்கிறாள். அதனால்தான் அவள் தீர்ப்பை நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன்.

எனக்குப் பாளையங்கோட்டையில் பள்ளிக்கூட வேலை. சனிக்கிழமையும் லீவு நாளும் ஊரில் இருப்பேன். மற்ற நாளில் இரவு பத்து மணிக்கு மேல் போன் போட்டு எத்தனை கட்டு என்று கேட்டு எழுதிக்கொள்வேன். பிறகு அந்த எபிசோடை நான் தனியாகப் பார்த்து, எந்தக் காட்சியில் கை நின்றிருக்கும் என்று யோசிப்பேன். உதாரணத்துக்கு, 2023 ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஒரு நாள் "ஒரே கட்டு" என்று பதிவாகியிருக்கிறது. அன்றைய எபிசோடில் அடிதடி இல்லை, சவால் இல்லை. மருமகள்கள் அடுப்படியில் உட்கார்ந்து தணிவாகப் பேசிக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். சத்தம் கூடினால் கை நிற்கும் என்று நினைத்திருந்த எனக்கு அது பெரிய கண்டுபிடிப்பாகப் பட்டது. இரண்டு பக்கம் எழுதிவைத்தேன்.

காதுக்குச் செய்யும் மரியாதை

சீரியல் என்றாலே படித்தவர்கள் முதலில் சொல்கிற குறை, சொன்னதையே சொல்கிறார்கள் என்பது. நானும் சொல்லியிருக்கிறேன். நேற்று நடந்ததை இன்று இரண்டு பேர் பேசுவார்கள். நாளை மூன்றாவது ஆளிடம் அதையே சொல்வார்கள். அத்தையிடம் இதைக் குறையாகச் சொன்னபோது அவள் ஒத்துக்கொள்ளவே இல்லை.

"நான் தண்ணி எடுக்கப் போயிருப்பேன், உல வச்சிருப்பேன். வந்து உக்காந்தா என்ன நடந்துச்சுன்னு அவளே சொல்லுதால்லா, அது நல்லதுதான்."

அவளுக்கு அது ஒரு மரியாதை. முகத்தைப் பார்க்க முடியாதவளுக்கு, பாத்திரங்கள் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவதும், வந்தவர் யார் என்று வாய்விட்டுச் சொல்வதும் தேவைப்படுகிறது. இதெல்லாம் வானொலி நாடகத்தில் இருந்த பழக்கம்தான். திருநெல்வேலி வானொலி நிலையம் 1963-ல் தொடங்கியது. அத்தை குழந்தையாக இருந்தபோதே அந்தச் சத்தம் வீட்டில் இருந்திருக்கிறது. அதோடு இலங்கை வானொலி. அப்புறம், வருஷா வருஷம் சுடலை கோயில் கொடைத் திருவிழாவில் விடிய விடிய வில்லுப்பாட்டு. குடமும் உடுக்கையும் சேர்ந்து கதை சொல்கிறவர் முன்னால் தூங்கிக்கொண்டும் விழித்துக்கொண்டும் கேட்டுப் பழகிய காது அது. வில்லிலும் சொன்ன அடியைப் பின்பாட்டுக்காரர் திருப்பிச் சொல்வார். யாரும் அதை இழுவை என்று சொன்னதில்லை.

அப்படியானால் அத்தைக்கு எது இழுவை? நோட்டில் ஏமாற்றம் என்று அவள் வாயால் சொன்ன நாட்களை எல்லாம் சேர்த்துப் பார்த்தபோது ஒரே விஷயம்தான் திரும்பத் திரும்ப வந்தது. தருவதாகச் சொன்னதைத் தள்ளிப்போடுவது.

புரோமோவில் ஓர் அறை விழப்போகிறது. கை ஓங்கியாயிற்று. திங்கள்கிழமை விழவில்லை. செவ்வாய்க்கிழமை ஓங்கிய கையை ஒருவர் பிடிக்கிறார், அங்கே நிறுத்துகிறார்கள். புதன்கிழமை பார்த்தால் அந்த அறையே ஒருத்தி கண்ட கனவு.

"அடிக்கப் போறான் அடிக்கப் போறான்னு மூணு நாளு காட்டுதான். கடைசில அவ கனவு கண்டாளாம். வில்லுக்காரன் இப்படிச் செஞ்சா மறுவருசம் கொடைக்குக் கூப்பிடுவாவளா?"

வில்லுப்பாட்டில் கதை நீளும். இரவு முழுக்க நீளும். ஆனால் சாமி பிறக்க வேண்டிய நேரத்தில் பிறக்கும், வர வேண்டிய நேரத்தில் சாமியாடி மேல் வரும். கொடை முடியும்போது கதையும் முடிந்திருக்கும். பாதியில் நிறுத்தி அடுத்த ஊருக்கு வாருங்கள் என்று யாரும் சொல்வதில்லை. அத்தை சீரியலிடம் எதிர்பார்ப்பதும் இந்த நாணயத்தைத்தான். மொத்தக் கதை ஐந்து வருஷம் ஓடட்டும். இன்றைய அரை மணியில் ஏதாவது ஒன்று முடியட்டும். ஒரு கேள்விக்குப் பதில், ஒரு கடிதம் கைமாறுவது, ஒருத்தி வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லிவிடுவது, அது போதும்.

அரை மணி என்று சொல்கிறோமே தவிர, ஒரு மணி நேரத்துக்கு 12 நிமிடம் வரை விளம்பரம் போடலாம் என்பது விதி. ஆக, கதைக்குக் கிடைப்பது 24 நிமிடம் போல. அதில் முந்தைய நாள் காட்சியும் டைட்டில் பாட்டும் போக மிஞ்சுவது இன்னும் குறைவு. அந்தக் கொஞ்ச நேரத்திலும் ஒன்றும் முடியவில்லை என்றால் அவளுக்கு வருகிற கோபம் நியாயமானது என்றே நினைக்கிறேன். மகாசங்கமம் என்று இரண்டு குடும்பத்தை ஒரே கல்யாண மண்டபத்தில் கொண்டுபோய் விடுகிறார்களே, அது வந்தால் அத்தை சத்தத்தைக் குறைத்துவிடுவாள். யார் குரல் யாருடையது என்றே பிடிபடாது அவளுக்கு.

குணசேகரன் குரல்

நோட்டு ஆரம்பித்தபோது அவளுக்குப் பிடித்த சீரியல் 'எதிர்நீச்சல்'. திருச்செல்வம் இயக்கம், சன் டிவி, 2022 பிப்ரவரியில் தொடங்கியது. இரவு ஒன்பதரைக்கு வரும். மதுரைப் பக்கத்து வீடு ஒன்றில் ஆதி குணசேகரன் என்கிற அண்ணன் எல்லாரையும் ஆட்டிப்படைக்கிறான். ஈஸ்வரி, நந்தினி, ரேணுகா, ஜனனி என்று நான்கு மருமகள்கள் அவனுக்கு எதிராக நிமிர்வதுதான் கதை. சொத்தில் அப்பத்தாவின் 40 சதவீதப் பங்கு என்று பல மாதம் ஓடியது. எனக்கு அலுத்தது. அத்தைக்கு அலுக்கவில்லை. காரணம் குணசேகரனாக நடித்த மாரிமுத்துவின் குரல்.

மாரிமுத்து தேனி மாவட்டத்துக்காரர். அந்தப் பக்கத்துப் பேச்சை அப்படியே கொண்டுவந்தார். "ஏம்மா ஏய்" என்று அவர் இழுக்கும்போது ஊரில் எந்த வாசலில் எந்த டிவி ஓடினாலும் தெரிந்துவிடும். காதால் பார்க்கிறவளுக்கு இப்படி ஒரு குரல் கிடைப்பது பெரிய வரம். கோபம் வரப்போகிறதா, நக்கல் வரப்போகிறதா என்று முதல் அசையிலேயே அவளுக்குப் புரியும். அவருடைய காட்சி என்றால் ஒன்றரைக் கட்டுதான். அந்த ஆளைத் திட்டிக்கொண்டேதான் கேட்பாள். எங்கள் தெருவிலேயே அப்படி இரண்டு பேர் இருந்தார்கள் என்று ஒருமுறை சொன்னாள். யார் என்று சொல்லவில்லை.

2023 செப்டம்பர் 8, வெள்ளிக்கிழமை. காலையில் டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது நெஞ்சுவலி வந்து மாரிமுத்து இறந்துபோனார். நான் பள்ளியில் இருந்தேன். மத்தியானம் அத்தையே போன் செய்தாள். அவள் தானாக எனக்குப் போன் செய்வது அபூர்வம்.

"குரல் குடுக்கும்போதே போயிட்டாராம்லா."

அவ்வளவுதான் சொன்னாள். மற்றவர்கள் நடிகர் இறந்துவிட்டார் என்றார்கள். அவள் மட்டும் குரல் கொடுக்கும்போது என்ற இடத்தைப் பிடித்துக்கொண்டாள். சீரியலில் நெஞ்சு வலிப்பதாக அவர் முன்பு பேசியிருந்த ஒரு காட்சி அந்த வாரம் எல்லார் போனிலும் சுற்றியது. அடுத்த நாள் ஊருக்குப் போனபோது யாரோ அதைப் போட்டுக் காட்ட வந்தார்கள். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு இலை வெட்டப் போய்விட்டாள்.

அடுத்து வந்த எபிசோடுகளைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நோட்டில் மிகவும் விநோதமான பகுதி அது. குணசேகரன் வீட்டில் இல்லை. மற்ற எல்லாரும் அவனைப் பற்றியே பேசுகிறார்கள். விமர்சகர் கண்ணில் அது சமாளிப்பு. எழுதியவர்களுக்கும் வேறு வழி இருந்திருக்காது. ஆனால் அத்தை அந்த வாரங்களில் ஒன்றரைக் கட்டைத் தாண்டவே இல்லை. ஏன் என்று கேட்டேன்.

"எழவு வீட்டுல இப்படித்தாம் பேசுவாவ. இல்லாத ஆளப் பத்தியே பேசிக்கிட்டு இருப்பாவ."

சீரியல் அதை நினைத்துச் செய்ததோ இல்லையோ, வாசலில் உட்கார்ந்திருந்த ஒருத்திக்கு அது துக்க வீடாகவே கேட்டிருக்கிறது. அந்த வருஷத்தில் நான் பதிவுசெய்த நல்ல எபிசோடுகளில் பாதிக்கு மேல் அந்தச் சில வாரங்களைச் சேர்ந்தவைதான். கதை நகராத வாரங்கள்.

அக்டோபரில் குணசேகரனாக வேல ராமமூர்த்தி வந்தார். எழுத்தாளர், கம்பீரமான குரல். அத்தை அவரை ஒதுக்கவில்லை. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தாள். கை நிற்கவில்லை. இரண்டு கட்டு, இரண்டு கட்டு என்றே நோட்டில் வரிசையாக இருக்கிறது.

"நல்லாத்தான் பேசுதாரு. ஆனா அந்த வீட்டுக்கு இவரு விருந்தாளி மாதிரி இருக்காரு."

இதைவிட நியாயமாக ஒரு நடிகரைப் பற்றிச் சொல்ல முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. குற்றம் அவருடையது இல்லை என்பதும் அதில் இருக்கிறது, இழப்பும் இருக்கிறது. 2024 ஜூன் 8-ஆம் தேதி சீரியல் முடிந்தது. சனிக்கிழமை, நான் ஊரில்தான் இருந்தேன். இரண்டு கட்டு முடித்து, மூன்றாவதுக்கு நூல் எடுத்திருந்தாள்.

இலை வராத மாதங்கள்

இதுவரை எழுதியதைப் பார்த்தால் காதால் பார்ப்பதே போதும் என்று நான் வாதாடுவது போல இருக்கும். அப்படி இல்லை என்பதற்குச் சான்றும் அத்தையிடமே இருக்கிறது.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. படப்பிடிப்பு நின்றதால் புதிய எபிசோட் இல்லை. சன் டிவி 'மெட்டி ஒலி'யை மறுபடி போட்டது. திருமுருகன் இயக்கி, தானும் கோபியாக நடித்து, 2002 முதல் 2005 வரை ஓடிய சீரியல். ஐந்து பெண்களைத் தனியாளாக வளர்த்துக் கட்டிக்கொடுக்கும் சிதம்பரம் என்கிற அப்பாவின் கதை. டெல்லி குமார் அந்த அப்பா. எங்கள் ஊரில் அது ஓடிய காலத்தில் அத்தைக்குக் கை வேகம் அதிகம், கடனும் அதிகம். ஒரு எபிசோடையாவது அவள் திரும்பி உட்கார்ந்து பார்த்திருப்பாளா என்பது சந்தேகம். காதாலேயே முழுக்கத் தெரியும் அவளுக்கு. சரோவை மாமியார் என்ன சொன்னாள் என்பதை இன்றும் வரிவரியாகச் சொல்வாள்.

ஊரடங்கில் பீடிக்கடை மூடியிருந்தது. இலை வரவில்லை, தூள் வரவில்லை. வருமானம் இல்லாத கஷ்டம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அவள் வாழ்க்கையில் முதன்முதலாகக் கை சும்மா இருக்க, தார்சாவில் டிவிக்கு நேராக உட்கார்ந்து மெட்டி ஒலி பார்த்தாள். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ என்னைக் கூப்பிட்டாள்.

"இந்த மனுசன் எத்தன நேரம் பேசாமலே நிக்காரு பாத்தியா? எனக்கு இது ஒண்ணுமே தெரியாதுட்டி. வெறும் பாட்டுச் சத்தம் வந்தா ஒண்ணும் நடக்கலன்னு நெனச்சு சுத்திக்கிட்டே இருந்திருக்கேன்."

பதினெட்டு வருஷத்துக்கு முன் 'சும்மா ஓடுச்சு' என்று அவள் தள்ளிய எபிசோடுகளில் அந்த அப்பா பேசாமல் நின்றிருக்கிறார். மகளை அனுப்பிவிட்டு, வாசலில், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு. வசனம் இல்லாததால் அது அவளுக்கு நடக்கவே இல்லை. அதைச் சொல்லும்போது அவள் குரலில் வருத்தம் இருந்தது. ஏமாற்றிய எபிசோட் என்று ஒன்றைச் சொல்லும் முன், நாம் அப்போது எங்கே உட்கார்ந்திருந்தோம், கையில் என்ன வேலை இருந்தது என்றும் பார்க்கத்தான் வேண்டும். நான் 40 சதவீதக் கதையில் அலுத்துப்போனதும், போனில் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுப் பார்த்ததும் சேர்ந்தே நடந்தவை.

இன்னும் சில

'மர்மதேசம்' வரிசையில் 'விடாது கருப்பு'. இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கியது, 1990-களின் பிற்பாதி. சொளவை இறக்கிவைத்துவிட்டு அத்தை உள்ளே ஓடிவந்த ஒரே சீரியல் இதுதான். குதிரை வரும் சத்தம் கேட்டால் போதும். வாரம் ஒருமுறை வந்ததால் தள்ளிப்போட்டார்கள் என்ற புகாரும் இல்லை. முடிவுதான் அவளுக்கு ஆகவில்லை. மனநோய் சார்ந்து ஒரு விளக்கம் வருகிறது. எனக்கு அது மிகவும் பிடித்த முடிவு. "சாமிய வச்சு இத்தன நாளு பயங்காட்டிட்டு மனுசன் செஞ்சதுன்னு முடிச்சிட்டாவ" என்பாள். சுடலைக்குப் பொங்கல் வைக்கிறவளிடம் நான் இதில் வாதாடியதில்லை.

'நாதஸ்வரம்', இதுவும் திருமுருகன். 2014 மார்ச் 5 அன்று ஆயிரமாவது எபிசோடைக் காரைக்குடியிலிருந்து நேரலையாக, வெட்டே இல்லாமல் ஒரே ஷாட்டில் ஒளிபரப்பினார்கள். 23 நிமிடத்துக்குச் சற்று மேல், கின்னஸ் பதிவு. அதில் என்ன கதை நடந்தது என்று அத்தைக்கு நினைவில்லை. யாராவது வசனத்தை மறந்துவிடுவார்களோ என்று பயந்துகொண்டே கேட்டது மட்டும் நினைவிருக்கிறது. அன்று கட்டே ஆகவில்லையாம். கதையைவிட அந்த உழைப்பு அவளுக்குப் பிடித்தது. எதையும் நாளைக்குத் தள்ள முடியாத ஒரே எபிசோட் அதுதானே.

2025-ல் சித்தப்பா மகன் 'சுழல்' வெப் சீரிஸின் இரண்டாம் பாகத்தைப் போட்டுக் காட்டினான். அஷ்டகாளித் திருவிழாவில் நடக்கும் கதை என்பதால் குலசை தசரா நினைவில் ஆசையாக உட்கார்ந்தாள். எட்டுப் பகுதியும் இரண்டு நாளில் முடிந்தது. நன்றாக இருந்தது என்றாள். எந்த எபிசோட் என்று கேட்டால் பிரிக்கத் தெரியவில்லை. ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாக ஓடிவிட்டதே.

படித்துக் காட்டியபோது

எழுதி முடித்ததை ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவளுக்குப் படித்துக் காட்டினேன். இலை வெட்டிக்கொண்டே கேட்டாள். மாரிமுத்து பகுதியில் கத்தரி நின்றது. மெட்டி ஒலியில் "ஆமா" என்றாள். ஆகஸ்ட் முதல் வாரத்துப் பதிவு, அடுப்படியில் தணிவாகப் பேசிய காட்சி, அதற்கு நான் எழுதிய இரண்டு பக்க விளக்கம், அதையும் படித்தேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அன்னைக்கா? ஆடிக்காத்துல்லா அது. இல காஞ்சு, சுருட்டச் சுருட்ட ஒடிஞ்சுது. அதாம் ஒரு கட்டு. நீ போன்ல எத்தன கட்டுன்னுதான கேட்ட, ஏன்னு கேக்கலயே."

அந்த இரண்டு பக்கத்தையும் நோட்டிலிருந்து எடுத்துவிட்டேன்.